புது கேம் கன்சோல்: துபாய் விலையா, நம்ம ஊர் விலையா? நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிஎஸ்5, அதாவது டி.வி.யில் இணைத்து கேம் ஆடுகிற சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல், வாங்கப் போகிறேன் என்று திருநெல்வேலிப் பக்கம் யாரிடம் சொன்னாலும், "துபாய்ல உங்க மாமா இருக்காகல்லா, அவுககிட்ட சொல்லிவிடு. அங்க பாதி வெல" என்றுதான் பதில் வரும். மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் வேலை பார்க்கிற பகுதி இது. அதனால் அந்தப் பேச்சு இங்கே ஊறிப்போய்விட்டது.

பாதி விலை என்பது மிகை. ஆனால் பெரிய வித்தியாசம் இருந்த காலம் உண்டு. 2014 ஜனவரியில் பிஎஸ்4 இந்தியாவுக்கு வந்தபோது இங்கே விலை 39,990 ரூபாய். அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர். அன்றைக்கு டாலர் 62 ரூபாய் என்று வைத்தால் 24,700 ரூபாய் சொச்சம். பதினைந்தாயிரம் வித்தியாசம்! அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கேட்டு வாங்கியதில் முழு நியாயம் இருந்தது. 2020 நவம்பரில் பிஎஸ்5 அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. அப்போதைய கணக்கில் ஏறக்குறைய 37,000 ரூபாய். 2021 பிப்ரவரி 2ஆம் தேதி இந்தியாவில் 49,990க்கு வந்தது. பதின்மூன்றாயிரம் வித்தியாசம். 2025 ஆகஸ்டில் சோனி அமெரிக்காவில் விலையை 549.99 டாலராக ஏற்றியது. டாலர் 87 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் அது 47,800 ரூபாயைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அங்கே மாநில விற்பனை வரி தனி. அப்போது இங்கே எம்.ஆர்.பி. 54,990, சோனி தள்ளுபடி போட்ட நாட்களில் 49,990. வித்தியாசம் ஏறக்குறைய கரைந்தே போய்விட்டது.

ஊர்ப் பேச்சு பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. முதல் தடவை கன்சோல் வாங்குகிறவர்கள் இன்றைய கணக்கைப் போட வேண்டும். அதை எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். இங்கே தருகிற விலைகள் அந்தந்தத் தேதிக்கு உரியவை. வாங்கும் நாளில் புது எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: உங்கள் கன்சோல் இந்தியாவுக்கு முறையாக வந்திருக்கிறதா?

எல்லாக் கன்சோலுக்கும் ஒரே பதில் கிடையாது. சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் இரண்டும் இந்தியாவில் முறையாக விற்பனையாகின்றன. எம்.ஆர்.பி. உண்டு, வாரன்டி உண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் 2020 நவம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவில் வந்த அன்றைக்கே இங்கேயும் வந்தன. பிஎஸ்5க்குத்தான் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி வேறு கதை. அதன் ஸ்விட்ச் கன்சோல் 2017இல் வந்தது, அதற்கு அடுத்ததான 'ஸ்விட்ச் 2' கன்சோல் 2025 ஜூன் 5ஆம் தேதி வந்தது. இரண்டையும் நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக அறிமுகப்படுத்தவில்லை. இங்கே கடைகளில் பார்ப்பதெல்லாம் வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து தருவித்தவை. விலையை நிர்ணயிப்பவர் வியாபாரி, கம்பெனி அல்ல. பிஎஸ்5இன் திறன் கூடிய மாடலான பிஎஸ்5 ப்ரோவும் 2024 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை என்பதுதான் சோனி சொன்ன காரணம்.

ஆகவே முறையாக வந்த கன்சோல் என்றால் துபாயையும் நெல்லையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வராத கன்சோல் என்றால், வெளிநாட்டிலிருந்து நேராகக் கொண்டுவருவதா, இங்குள்ள வியாபாரியிடம் வாங்குவதா என்பதே கேள்வி. அதில் சொந்தக்காரர் கொண்டுவருவதுதான் பெரும்பாலும் மேல்.

இரண்டாம் படி: விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் உள்ளே அடக்கம். கன்சோலுக்கு ஜிஎஸ்டி தொடக்கத்தில் 28 சதவீதமாக இருந்தது. 2019 ஜனவரி முதல் 18 சதவீதம் ஆனது. 49,990 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்றால் அதில் 7,600 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி மட்டுமே. இது போக இறக்குமதிச் சுங்கவரி இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் அதை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தினார்கள். அமெரிக்க விலையை விட நம் விலை கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். கன்சோலில் அவருக்கு நிற்கிற லாபம் குறைவுதான்.

வெளிநாட்டு விலையிலும் இதே மாதிரி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). சவூதியில் 2020 ஜூலை முதல் 15 சதவீதம். கத்தாரிலும் குவைத்திலும் வாட் கிடையாது. சிங்கப்பூரில் 2024 முதல் 9 சதவீதம். 'கல்ஃப்' என்று ஒரே சொல்லில் எல்லா நாட்டையும் சேர்த்துப் பேசுகிறோம், ஆனால் ஜித்தாவில் இருக்கிற சித்தப்பாவும் தோஹாவில் இருக்கிற அண்ணனும் சொல்கிற விலை ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் கடை அட்டையில் போட்டிருப்பது வரி சேர்க்காத விலை. அங்கே படிக்கிற தங்கச்சி "499 தான்" என்று சொன்னால், பில்லில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள்.

துபாய்க்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் விமான நிலையத்தில் வாட் தொகையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். அங்கேயே வேலை விசாவில் இருக்கிற மாமாவுக்கு அந்த வசதி கிடையாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

மூன்றாம் படி: வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

ஒரு பேச்சுக்கு, துபாய்க் கடையில் கன்சோல் 2,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். திர்ஹம் 24 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். இங்கே எம்.ஆர்.பி. 54,990 என்று வைப்போம். "ஏழாயிரம் மிச்சம்" என்று மனசு துள்ளும். இனி ஒவ்வொன்றாகக் கூட்டுவோம்.

நீங்களே போய் இந்திய வங்கிக் கார்டில் பணம் கட்டினால், வெளிநாட்டுச் செலாவணிக் கட்டணம் என்று பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. 3.5 என்று வைத்தால் 1,680 ரூபாய். மாமா அங்குள்ள சம்பளக் கணக்கிலிருந்து கட்டினால் இது வராது.

அடுத்தது சுங்கம். திருவனந்தபுரத்தில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் விதி ஒன்றுதான். 2026 பிப்ரவரி வரை நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகளின்படி (பயணிகள் உடன் கொண்டுவரும் சாமான்களுக்கான சுங்க விதிகள்), வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களை வரியில்லாமல் கொண்டுவர முடிந்தது. அதற்கு மேல் போன தொகைக்கு 38.5 சதவீதம் வரி இருந்தது. இந்த வரம்பை அரசு அவ்வப்போது திருத்தும், அதனால் டிக்கெட் போட்டதும் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படிப் போகும் என்று புரிய, அந்தப் பழைய வரம்பை வைத்தே போட்டுப் பார்ப்போம். 48,000 தானே, வரம்புக்குள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வரம்பு கன்சோலுக்கு மட்டும் உரியதல்ல. பெட்டியில் இருக்கிற புதுப் பொருள் அத்தனைக்கும் சேர்த்துத்தான். ஊருக்கு வருகிற மனிதர் கன்சோலை மட்டுமா தூக்கிக்கொண்டு வருவார்? அத்தர், தைலம், பாதாம், பிள்ளைகளுக்குச் சாக்லேட், மச்சினனுக்கு ஒரு போன். அவையெல்லாம் 20,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 68,000. வரம்பைத் தாண்டிய 18,000க்கு 38.5 சதவீதம் என்றால் 6,930 ரூபாய். அந்தக் கணக்கில் கன்சோலின் உண்மையான விலை 54,930. எம்.ஆர்.பி.க்கும் அதற்கும் 60 ரூபாய்தான் வித்தியாசம். இங்கே தள்ளுபடி நாளில் 49,990க்கு வாங்கியவர் உங்களை விட ஐயாயிரம் குறைவாகக் கொடுத்திருப்பார். அவருக்கு இந்திய வாரன்டியும் இருக்கும்.

"ரெண்டு பேரா வாரோம், ரெண்டு பேர் வரம்பையும் சேத்துக்கலாம்லா?" என்று கேட்பார்கள். 2016 விதிகளின்படி சேர்க்க முடியாது. ஒருவர் கணக்கு ஒருவருக்கு மட்டும். பெட்டியைப் பிரித்து, பழைய பொருள் என்று சொல்லிக் கொண்டுவந்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. அதைக் கேட்காதீர்கள். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்டுங்கள். உங்களுக்காகச் சுமந்து வருகிற சொந்தக்காரரை விமான நிலையத்தில் தலைகுனிய வைக்கிற அளவுக்கு எந்தக் கன்சோலும் பெரிதல்ல.

கூரியரில் அனுப்பச் சொல்வதையும் மறந்துவிடுங்கள். அன்பளிப்பு என்று எழுதி வரியில்லாமல் அனுப்புகிற வழி 2019 டிசம்பரில் அடைக்கப்பட்டுவிட்டது.

எனக்குத் தோன்றுகிற நியாயமான நிலை இதுதான்: சொந்தக்காரரிடம் வேறு சாமான் அதிகம் இல்லை, அவராகவே "கொண்டு வாரேன்" என்கிறார், கன்சோலோ இந்தியாவில் முறையாகக் கிடைக்காதது. இந்த மூன்றும் சேர்ந்தால் தாராளமாகச் சொல்லிவிடுங்கள். கையில் எடுத்துவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிஎஸ்5 ஸ்லிம் (பழைய பிஎஸ்5ஐ விட உருவம் சிறுத்த மாடல்) மூன்று கிலோ சொச்சம்தான். கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ அனுமதி உண்டு.

நான்காம் படி: வெளிநாட்டு செட் இங்கே எப்படி ஓடும்?

வாரன்டி முதல் விஷயம். கன்சோல் வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். துபாயில் வாங்கிய பிஎஸ்5 இங்கே பழுதானால் இந்திய சோனி அதை வாரன்டியில் எடுக்காது. திரும்ப துபாய்க்கு யார் கொண்டுபோவது? அதனால் வாரன்டி இல்லாத செட் என்றே விலை போடுங்கள். குறைந்தது ஐயாயிரமாவது உண்மையான மிச்சம் இல்லாவிட்டால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளக் சின்னப் பிரச்சினை. அமீரகத்தில் தட்டையான மூன்று பின் பிளக். பிஎஸ்5இன் பின்பக்கத்தில் எட்டு வடிவத்தில் இரண்டு துளை இருக்கும்; டேப்ரெக்கார்டருக்குப் போடுவோமே, அதே ஒயர். ஜங்ஷன் பக்கம் எந்த எலக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் எந்தக் கன்சோலாக இருந்தாலும் பின்னால் ஒட்டியிருக்கிற லேபிளில் 240 வோல்ட் வரைக்கும் தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. துபாய் டிஸ்க் நெல்லை செட்டில் ஓடும். ஆனால் அந்த கேமுக்குப் பின்னால் வருகிற கூடுதல் பகுதிகளை வாங்கும்போது சிக்கல் வரும். டிஸ்க் எந்தப் பிராந்தியத்தைச் சேர்ந்ததோ, அதே பிராந்தியக் கணக்கில்தான் அவை சேரும். கிஃப்ட் கார்டும் அப்படியே. துபாய்க் கார்டை இந்தியக் கணக்கில் ஏற்ற முடியாது. ப்ளூரே படங்களிலும் பிராந்தியப் பிரிவு உண்டு, அமீரகம் 'பி', இந்தியா 'சி'. கேம் மட்டும் ஆடுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆசை காட்டுகிற ஜப்பான் விலை

ஸ்விட்ச் 2 விலையைத் தேடும்போது ஒரு இடத்தில் மட்டும் மிக மலிவாகத் தெரியும். அது ஜப்பான். அங்கே அது இரண்டு வகையாக வந்தது: ஜப்பானிய மொழி மட்டும் உள்ள செட் 49,980 யென், பல மொழி உள்ள செட் 69,980 யென். இடையில் 20,000 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 12,000 ரூபாய். மலிவான செட்டில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், மாற்ற முடியாது. ஜப்பான் என்று பதிந்த நிண்டெண்டோ கணக்கு மட்டும்தான் அதில் ஏறும். உள்ளூர் மக்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும், அதே சமயம் வெளிநாட்டு வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவும் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. 2025 நவம்பரில் சோனியும் இதே வழியில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பிஎஸ்5 டிஜிட்டலை (டிஸ்க் போட இடமில்லாத, கேமை இணையத்தில் இறக்கி ஆடுகிற செட்) 55,000 யென்னுக்கு அங்கே விட்டது.

இந்த வகை செட்டுகள் வியாபாரிகள் கைமாறி இங்கேயும் வரலாம். "ஜப்பான் பீஸ், ஒரிஜினல், வெல கம்மி" என்று யாராவது சொன்னால், முதலில் செட்டைப் போட்டு மொழி அமைப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆரம்பத் தள்ளுபடி எப்போது வரும்?

புதுக் கன்சோல் வந்த முதல் வாரத்தில் வாங்குகிறவர்தான் பெரும்பாலும் அதிக விலை கொடுக்கிறார். உலகத்திலேயே இதற்குப் பிரபலமான உதாரணம் நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கைக்கன்சோல். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. விற்பனை மந்தமானதால் ஆகஸ்டிலேயே 169.99 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பரில் 499 டாலருக்கு வந்து, அடுத்த ஜூனில் கினெக்ட் கேமரா இல்லாமல் 399 ஆனது. இந்தியாவுக்கு அது 2014 செப்டம்பரில்தான் வந்தது. தாமதமாக வந்ததில் நமக்கு நல்லதும் நடந்தது.

நம் நாட்டிலேயே பாருங்கள். பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரல் 5ஆம் தேதி இங்கே 54,990க்கு வந்தது. மே மாதம் பிறந்ததும் கோடைத் தள்ளுபடியில் ஐயாயிரம் குறைந்து 49,990. டிஜிட்டல் செட் 44,990லிருந்து 39,990. மாதம் திரும்புவதற்குள் ஐயாயிரம்! அதற்கு முந்தைய ஆண்டு இன்னும் சுவாரசியம். ஸ்லிம் அமெரிக்காவுக்கு 2023 நவம்பரில் வருவதற்குச் சில மாதம் முன்பே, ஜூலை 25ஆம் தேதி, பழைய பருமனான பிஎஸ்5ஐ இங்கே 7,500 ரூபாய் குறைத்து 47,490க்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த அதே நாட்கள். புது மாடல் வரப் போகிறது என்ற பேச்சு கிளம்பினால் பழைய ஸ்டாக்குக்கு விலை குறையும். இரண்டும் ஆடுகிற கேம் ஒன்றுதான், ஆகவே பழைய மாடலை அந்த விலைக்கு எடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் காத்திருக்கக் காத்திருக்க விலை இறங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பழைய தலைமுறைக் கன்சோல்களில் அப்படித்தான் நடந்தது. இந்தத் தலைமுறையில் விலை ஏறியிருக்கிறது. பிஎஸ்5 இந்தியாவில் 49,990க்கு வந்து, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 மே மாதம் 599.99, அக்டோபரில் 649.99 என்று இரண்டு தடவை ஏறியது. நிரந்தர விலை ஏறுகிறது. இடையிடையே சில வாரங்களுக்குத் தள்ளுபடி திறந்து மூடுகிறது. அந்தச் சில வாரங்களில் ஒன்றைப் பிடிப்பதுதான் நம் வேலை.

கவனிக்க வேண்டிய காலங்கள்: ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி, மே மாதக் கோடை விடுமுறை, ஜூலை கடைசி முதல் சுதந்திர தினம் வரை, புரட்டாசியில் தொடங்கித் தீபாவளி வரைக்கும் ஓடுகிற பெரிய ஆன்லைன் விற்பனைகள், நவம்பர் கடைசி. இவற்றில் தீபாவளிக்கு முந்தைய விற்பனையில்தான் கம்பெனித் தள்ளுபடியும் வங்கிக் கார்டுத் தள்ளுபடியும் ஒன்றாகச் சேர வாய்ப்பு அதிகம். பங்குனியில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது என்றால் மே வரை பொறுங்கள். பொங்கலுக்கு வந்தது என்றால் ஜனவரி கடைசி வாரத்தைப் பாருங்கள்.

ஸ்டாக்கே இல்லாத நாட்களில் நிலைமை நேர்மாறு. 2021 ஜனவரி 12ஆம் தேதி பிஎஸ்5 முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோனது. அப்படிப்பட்ட நேரத்தில் ரெண்டு கேம், கூடுதல் கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து எடுத்தால்தான் செட் தருவோம் என்பார்கள், எம்.ஆர்.பி.க்கு மேலும் கேட்பார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி தப்பு. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். 

ஏழாம் படி: ஆஃபரைப் பிரித்துப் பாருங்கள்

ஆஃபர் என்ற ஒரே பெயரில் பல சங்கதிகள் வரும். கம்பெனி விலையைக் குறைத்தால் அது எல்லாக் கடைக்கும் பொருந்தும். ஆன்லைன் தளம் தன் கையிலிருந்து போட்டால் அங்கே மட்டும். வங்கிக் கார்டுத் தள்ளுபடி அந்தக் கார்டு இருப்பவருக்கு மட்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் நடந்த பேச்சைக் கேளுங்கள்:

"அண்ணாச்சி, ஆன்லைன்ல ஏழாயிரம் கம்மியா காட்டுது. அதே வெலைக்குத் தருவேளா?"

"போனைக் காட்டுங்க தம்பி... இதுல அஞ்சாயிரம் கம்பெனி போட்டது. அது நமக்கும் உண்டு, தாரேன். மிச்ச ரெண்டாயிரம் கார்டு ஆஃபர்லா. அது பேங்க்காரன் குடுக்கிறது, நம்ம கையில இல்ல."

அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. இப்படி விளக்கமாகப் பேசுகிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். ஆயிரம் ரூபாய் கூடினாலும் அவரிடம் வாங்குவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ஏதாவது என்றால் நேரில் போய் நிற்க ஒரு இடம் இருக்கும். "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கொறைக்கேன்" என்கிற கடைக்கு மட்டும் போகாதீர்கள். பில் இல்லையென்றால் வாரன்டியும் இல்லை.

வட்டியில்லா தவணையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டித் தொகையை முன்கூட்டியே விலையில் குறைத்துவிடுவார்கள். ஆனால் வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும். 50,000 ரூபாய்க்கு ஆறு மாதத் தவணை, வட்டி 16 சதவீதம் என்றால், அந்த ஜிஎஸ்டி நானூறு ரூபாய்ப் பக்கம் வரும். செயலாக்கக் கட்டணம் தனி. அதுவும் கட்டுப்படியாகும் என்றால் எடுங்கள், மாதாமாதம் பணம் தட்டாமல் வரும் என்ற உறுதி இருந்தால்.

டிஸ்க் செட்டா, டிஜிட்டல் செட்டா? 2024இல் ஸ்லிம் வந்தபோது எம்.ஆர்.பி.யில் பத்தாயிரம் வித்தியாசம். அப்போது புதிதாக வந்த பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய். அதாவது இரண்டு கேமின் விலை. நண்பர்களுக்குள் டிஸ்க் மாற்றி ஆடுகிற வழக்கம் நெல்லையில் நன்றாகவே இருக்கிறது, ஆடி முடித்ததை விற்கவும் ஆள் கிடைக்கும். அதனால் நம் பக்கத்துப் பையன்களுக்கு டிஸ்க் செட்டைத்தான் சொல்வேன்.

எட்டாம் படி: பெட்டியில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

முறையாக இறக்குமதியான பெட்டி என்றால் அதில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரோ அச்சோ கட்டாயம் இருக்கும். இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் இந்திய முகவரியும், எந்த நாட்டில் தயாரானது, எந்த மாதம் எந்த ஆண்டு, எம்.ஆர்.பி. எவ்வளவு, புகார் செய்ய எந்த எண். சட்டப்படி இவை இருந்தாக வேண்டும். பெட்டியில் அரபி எழுத்து மட்டும் இருந்து இந்த ஸ்டிக்கர் இல்லை என்றால், அது யாரோ பெட்டியில் கொண்டுவந்த செட். அதை இந்திய விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மாடல் எண்ணையும் பாருங்கள்: 2024இல் இந்தியாவுக்கு வந்த பிஎஸ்5 ஸ்லிம் பெட்டியில் அது சி.எஃப்.ஐ-2008 என்று தொடங்கியது.

ஆன்லைனில் வாங்கும்போது முதலில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். பாளையங்கோட்டை 627002க்குக் காட்டுகிற விற்பனையாளரும் ராதாபுரம் பக்கத்துக் கிராமத்துக்குக் காட்டுகிற விற்பனையாளரும் வேறு வேறாக இருக்கலாம், விலையும் மாறலாம். கிராமத்துக்கு டெலிவரி இல்லை என்று வந்தால், டவுனிலோ பாளையிலோ இருக்கிற சொந்தக்காரர் முகவரிக்குப் போடுங்கள். பழுது வந்தால் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார்களா, மதுரைக்குச் சுமக்க வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்னே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: கைக்கு வந்ததும்

பெட்டியைப் பிரிக்கிற போது ஆரம்பம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டி மேல் உள்ள சீரியல் எண், செட்டின் பின்னால் உள்ள சீரியல் எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பலர் எழுதுவதில்லை.

திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பெரிய கேம் ஒன்றை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், டிஸ்க் போட்டுப் பாருங்கள், கன்ட்ரோலரில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள், குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஸ்லிம் செட்டில் டிஸ்க் டிரைவ் முதல் தடவை வேலை செய்ய இணையம் வேண்டும், அதனால் வைஃபை இல்லாத வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு தொடங்கும்போது நாடு இந்தியா என்று சரியாகக் கொடுங்கள். துருக்கிக் கணக்கு தொடங்கினால் கேம் மலிவு என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் வாங்கிய கேம் அத்தனையும் போய்விடும்.

பெட்டியையும் தெர்மோகோலையும் வாரன்டி முடிகிற வரை பரணில் போட்டு வையுங்கள், சர்வீசுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும். பில்லை வாங்கிய அன்றைக்கே போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கடைகளில் தருகிற அந்த வழவழப்பான காகிதத்தில் எழுத்து ஆறேழு மாதத்திலேயே மங்கிவிடும்.